தாழங்கழியின் நண்டுக்கோல்

உப்புக்கும் வரி போடலாம் என்று எந்த ராஜாவுக்கும் தோன்றாத காலம் அது. அந்தக் காலத்தில், ஆறு கடலோடு கலக்கிற இடத்தில், தாழங்கழி என்று ஒரு கரையூர் இருந்தது. ஊரைச் சுற்றித் தாழம்புதர். ஊருக்கு முன்னால் உப்புத்தண்ணீர் நிற்கிற கழி. கழி நிறைய நண்டு. நண்டு என்றதும் சப்புக்கொட்ட வேண்டாம் மக்களே, கதை இன்னும் அடுப்பில் ஏறவே இல்லை.

அந்த ஊரில் சேந்தப்பன் என்று ஒருவன் இருந்தான். உழைப்பாளி. பொய் சொல்ல மாட்டான். வம்புக்குப் போக மாட்டான். ஆனால் நண்டைக் கண்டால் மட்டும் ஆள் மாறிவிடுவான். சட்டிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டால் பெண்டாட்டி கூப்பிடுவது காதில் விழாது, கூரை பற்றி எரிந்தாலும் கண்ணில் படாது. ஒவ்வொரு காலாக உடைத்து, உறிஞ்சி, ஊதிப் பார்த்து, மறுபடியும் உறிஞ்சுவான். அவன் தின்று போட்ட ஓட்டைத் தேடி வருகிற எறும்புகூட ஏமாந்து திரும்பிப் போகும்.

தாழங்கழிக்கு மூன்று கட்டுப்பாடு உண்டு. மடியில் முட்டை சுமக்கிற சினை நண்டைத் தொடாதே. உள்ளங்கைக்குள் அடங்குகிற குஞ்சு நண்டைத் தொடாதே. ஓட்டைக் கழற்றிவிட்டுப் பஞ்சாகக் கிடக்கிற நண்டைத் தொடாதே.

அதனால் அந்த ஊரில் யார் நண்டு பிடித்தாலும் முதலில் மல்லாக்கத் திருப்பிப் பார்ப்பார்கள். மடியில் முட்டை இருந்தால், "போய்ட்டு வா தாயே" என்று தண்ணீரில் விட்டுவிடுவார்கள். அது முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போய் முட்டை உதிர்க்கும். குஞ்சுகள் கடல் ஏறுகிற ஓதத்தோடு திரும்பிக் கழிக்கு வரும். வந்து வளரும். வளர்ந்தால் சட்டிக்கு வரும். இதில் புரியாத சூட்சுமம் ஒன்றும் இல்லை.

சரி, கட்டுப்பாடு போடுவது சுலபம், காப்பது யார்? மற்ற ஊர்களில் அபராதம் போட்டார்கள். சில ஊர்களில் மரத்தில் கட்டி வைத்தார்கள். தாழங்கழிக்காரர்கள் மட்டும் வேறொரு குறும்பு கண்டுபிடித்தார்கள்.

புன்னை மரத்தில் செதுக்கிய ஒரு கோல். அதன் தலையில் காய்ந்த நண்டுக்கொடுக்கு ஒன்றைக் கட்டியிருக்கும். அதற்கு நண்டுக்கோல் என்று பேர். கட்டுப்பாட்டை மீறி எவன் பிடிபடுகிறானோ, அவன் கையில் அந்தக் கோலைக் கொடுத்துவிடுவார்கள். அன்று முதல் கழிக்கு அவன்தான் காவல்.

"இதென்ன கூத்து, திருடனுக்குப் பதவியா?" என்று கேட்கிறீர்களா? அவசரப்படாதீர்கள். கோல் கையில் இருக்கிறவரை அவன் நண்டு தின்னக்கூடாது. சதையும் கூடாது, காலும் கூடாது, விரலில் ஒட்டிய குழம்பும் கூடாது. அடுத்த திருடனைக் கையும் களவுமாகப் பிடித்து, கோலை அவன் கையில் மாற்றினால்தான் இவனுக்கு விடுதலை. அப்புறம் காவல்காரன் கண் அசருவானா? நாக்கு அவனை விடுமா?

அப்போது கோல் குருந்தன் கையில் இருந்தது. குருந்தன் யார் என்றால், சேந்தப்பனின் பெண்டாட்டி வடிவாயிக்குக் கூடப்பிறந்த அண்ணன். குஞ்சு நண்டு ஒன்றைச் சுட்டுத் தின்று மாட்டிக்கொண்டவன். வருஷம் ஒன்றாக நண்டை மோந்து பார்த்ததோடு சரி.

ஒரு நாள் சேந்தப்பன் கழியில் போட்ட மூங்கில் கூட்டைத் தூக்கினான். உள்ளே பெரிய நண்டு. திருப்பினான். மடி நிறைய முட்டை, மஞ்சள் மஞ்சளாக. விட்டுவிட வேண்டியதுதான். கை தண்ணீர்வரை போயிற்று. ஆனால் கைக்கும் தண்ணீருக்கும் நடுவே நாக்கு வந்து நின்றுகொண்டது.

தாழம்புதருக்குள் உட்கார்ந்து நண்டைச் சுட்டான். முதல் காலை உடைத்து வாயில் வைக்கிறான், புதரை விலக்கிக்கொண்டு ஒரு மூக்கு வந்தது. மூக்குக்குப் பின்னால் குருந்தன் வந்தான்.

"மாப்ளே!" என்றான் குருந்தன். அவன் கண்ணெல்லாம் தண்ணீர். "நீர்தானா மாப்ளே! நீர் நல்லா இருக்கணும்! உம்ம குடும்பம் நல்லா இருக்கணும்!"

"மச்சான், இது வந்து... இது சினை இல்ல மச்சான், மஞ்சப்பொடி" என்றான் சேந்தப்பன். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன் பாருங்கள், வாய் குழறியது.

ஊர் கூடியது. குருந்தன் கோலை நீட்டினான், சேந்தப்பன் வாங்கினான். ஊரார் வழக்கப்படி ஒரே குரலில் சொன்னார்கள்:

"பிடிச்சவன் விடுபட்டான், தின்னவன் கட்டுப்பட்டான்!"

பெண்கள் குலவை போட்டார்கள். குருந்தன் அங்கிருந்து வீட்டுக்கு நடக்கவில்லை, ஓடினான். அன்றைக்கு அவன் வீட்டில் மூன்று அடுப்பு எரிந்தது, மூன்றிலும் நண்டு.

அன்று தொடங்கியது சேந்தப்பனின் பாடு. வடிவாயி பிள்ளைகளுக்கு நண்டுக்குழம்பு வைப்பாள். இவனுக்கு முருங்கைக்கீரை. பிள்ளைகள் காலை உடைக்கிற "டக் டக்" சத்தம் கேட்டால் இவன் எழுந்துபோய்க் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

"ஒரே ஒரு திருடன் போதும். எவனாவது ஒருத்தன் தப்புப் பண்ண மாட்டானா?" என்று ஏங்கினான்.

தாழம்புதருக்குள் ஒளிந்து ஒவ்வொருவரையும் கண்கொட்டாமல் பார்த்தான். முள் குத்தியது, எறும்பு கடித்தது, முதுகு வெந்தது. ஆனால் ஊராரோ நண்டைத் திருப்புவார்கள், பார்ப்பார்கள், சினையாக இருந்தால் விடுவார்கள். பிறகு புதரைப் பார்த்து, "என்ன சேந்தப்பா, சௌக்கியமா?" என்று விசாரித்துவிட்டுப் போவார்கள். உள்ளே ஒருவன் விழித்த கண்ணோடு கிடக்கிறான் என்று ஊருக்கே தெரிந்தபின் எவன் திருடுவான்? அவன் எவ்வளவு நன்றாகக் காவல் காத்தானோ, அவ்வளவுக்கு அவனுக்கு விடுதலை தள்ளிப்போயிற்று.

அடுத்து ஒரு குறுக்குவழி பார்த்தான். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். ஒரு சினை நண்டைப் பிடித்து, குருந்தனின் கூடையில் அவனுக்குத் தெரியாமல் போட்டுவிட்டு, மறைவில் நின்றான். குருந்தன் வந்தான். கூடையைப் பார்த்தான். பழக்கதோஷத்தில் ஒவ்வொரு நண்டாகத் திருப்பினான். "அடடே, நீ எப்படி இங்க வந்தே? போய்ட்டு வா தாயே" என்று அதைத் தண்ணீரில் விட்டான். பிறகு புதர்ப்பக்கம் திரும்பி, "மாப்ளே, இது உமக்கே நல்லா இருக்கா?" என்று கேட்டுவிட்டு நடந்தான். சேந்தப்பனுக்கு மானம் போயிற்று.

மூன்றாவதாகக் கரைக்காளி கோயிலுக்குப் போனான். "ஆத்தா, உள்ளூர்க்காரன் எவனும் திருட மாட்டேங்கிறான். வெளியூரிலிருந்தாவது ஒரு திருடனை அனுப்பு. பெரிய திருடனா இருந்தாலும் பரவாயில்ல" என்று விழுந்து கும்பிட்டான்.

வேண்டுதல் செய்யும்போது அளந்து பேச வேண்டும், மக்களே. ஆத்தாளும் அவன் கேட்டபடியே அனுப்பினாள். அந்த நாட்டு ராஜாவையே அனுப்பிவிட்டாள்.

ராஜாவின் பேர் வெண்குடையான். கெட்டவர் இல்லை. தன் நீதியைப் பற்றித் தானே பெருமைப்படுகிறவர், அவ்வளவுதான். அதற்காகவே ஒரு கட்டியக்காரனை வைத்திருந்தார். ராஜா எழுந்தால், உட்கார்ந்தால், தும்மினால், அவன் மார்பை நிமிர்த்திக் கூவ வேண்டும்: "வெண்குடையார் நாட்டில் மன்னருக்கும் மாடு மேய்ப்பவருக்கும் ஒரே சட்டம்!" அவனுக்கு வேறு ஒன்றும் தெரியாது. சம்பளமே அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான்.

ராஜா கடல் காற்று வாங்க வந்து, முகத்துவாரத்தில் கூடாரம் அடித்தார். "சினை நண்டு தின்றால் தோளில் வலு ஏறும்" என்று அரண்மனை வைத்தியன் எப்போதோ சொன்னது அவருக்கு அங்கே ஞாபகம் வந்தது. உடனே அரண்மனை ஆட்கள் முகத்துவாரத்தின் குறுக்கே கரைக்குக் கரை வலையைக் கட்டினார்கள். கடலுக்குப் போகிற சினை நண்டெல்லாம் கூடை கூடையாக மாட்டியது. மற்றதைக் கழித்துக் கரையில் எறிந்தார்கள். காக்கைக்குக் கல்யாணம்!

ஊரார் போய்ச் சொன்னார்கள். "ஐயா, இதைப் பிடிச்சா அடுத்த வருஷம் கழியில ஒண்ணும் இருக்காது. எங்க பிள்ளைங்க வயிறு இது." அரண்மனை ஆட்கள் சிரித்தார்கள். "மன்னர் தின்கிற நண்டை எண்ணிப் பார்க்கிற ஊர் இது ஒன்றுதான்" என்று விரட்டினார்கள்.

ஊர் முழுக்கச் சேந்தப்பனைப் பார்த்தது. சேந்தப்பன் கையில் இருந்த கோலைப் பார்த்தான்.

"மாப்ளே, திருடன் வேணும்னு கேட்டீரே" என்றான் குருந்தன் மெதுவாக.

"ராஜா வேணும்னு கேக்கலையே மச்சான்!"

வீட்டுக்கு வந்தான். வடிவாயியிடம் சொன்னான். "போய்க் கோலை நீட்டினா தலை போயிடும் வடிவு. நீட்டாம விட்டா கழி போயிடும். கழி போனா நான் விடுபட்டு என்ன, விடுபடாம என்ன? தின்ன நண்டே இருக்காது."

வடிவாயி பயந்துபோனாள். ஆனாலும் அவள் வாய் அவள் வாய்தான். "போங்க. ஆனா தலையைப் பத்திரமாப் பாத்துக்குங்க. அது போச்சுன்னா நண்டு இருந்தும் திங்க வாய் இருக்காது" என்று சொல்லி, முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்து அனுப்பினாள்.

கூடாரத்தில் ராஜா இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். இலையில் நண்டு மலையாகக் குவிந்திருந்தது. மிளகும் தேங்காயும் நெய்யில் வறுபட்ட வாசனை வந்து மோதியதும் சேந்தப்பனுக்குத் தலை சுற்றியது. எத்தனை காலத்துப் பசி! ராஜா ஒரு நண்டைத் தின்று முடித்து, இரண்டாவதில் கை வைத்திருந்தார். வாயோரத்தில் மஞ்சள் முட்டை ஒட்டியிருந்தது.

கூட வந்த ஊரார் வெளியே நிற்க, சேந்தப்பன் உள்ளே நுழைந்து, கும்பிட்டு, கோலை நீட்டினான்.

"என்ன இது?" என்றார் ராஜா.

சேந்தப்பன் எல்லாவற்றையும் சொன்னான். கட்டுப்பாட்டைச் சொன்னான், கோலைச் சொன்னான், தின்னக்கூடாது என்பதையும் சொன்னான். சொல்லும்போது அவன் முழங்கால் இரண்டும் ஒன்றோடொன்று தாளம் போட்டன.

"நான் யாரென்று தெரியுமா?"

"தெரியும் மகாராஜா. அதனாலதான் கால் இப்படி ஆடுது."

படைத்தலைவன் வாளில் கை வைத்தான். சேந்தப்பன் சட்டென்று கட்டியக்காரன் பக்கம் திரும்பினான். "அண்ணே, நீங்க காலையில என்னவோ நல்லதாக் கூவினீங்களே, எனக்குச் சரியா ஞாபகம் இல்ல. ஒரு தடவை கூவுங்களேன்."

பாவம், அந்த மனிதனைப் பிரியமாகக் கூவச் சொன்னவர்கள் இதுவரை யாரும் இல்லை. மார்பை நிமிர்த்தினான். "வெண்குடையார் நாட்டில் மன்னருக்கும் மாடு மேய்ப்பவருக்கும் ஒரே சட்டம்!"

"ஆகா! இன்னொரு தடவை!"

கட்டியக்காரன் இன்னும் உரக்கக் கூவினான். வெளியே நின்ற ஊராரும் கைதட்டினார்கள். அவன் மகிழ்ந்துபோய், யாரும் கேட்காமலே மூன்றாம் முறையும் கூவினான்.

ராஜா கட்டியக்காரனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு படைத்தலைவனைத் தவிர எல்லோரையும் வெளியே போகச் சொல்லிவிட்டு, சேந்தப்பனைக் கிட்டே கூப்பிட்டார். குரலைத் தாழ்த்தினார்.

"நீ எவ்வளவு நாளாக நண்டு தின்னவில்லை?"

"அதைக் கேக்காதீங்க மகாராஜா, அழுதுடுவேன்."

"வெளியே போய், நீ எதையும் பார்க்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல். இந்தக் கோலை ஒடித்து நானே அடுப்பில் போடுகிறேன். இந்த இலை முழுவதும் உனக்கு. இங்கேயே உட்கார்ந்து தின்னு. மாட்டேன் என்றால், இதோ படைத்தலைவர் நிற்கிறார்." சொல்லிக்கொண்டே ஒரு முழு நண்டை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தார்.

சேந்தப்பன் கையில் நண்டு. சுடச்சுட, நெய் வழிய. வாயில் எச்சில் ஊறி மோவாயில் வழிந்தது. கையை வாய்ப்பக்கம் கொண்டுபோனான். போகிற வழியில், அவனை அறியாமலே, கை நண்டைத் திருப்பியது.

மடி நிறைய முட்டை.

அவன் அப்படியே நின்றுவிட்டான். அது தப்பிப் போயிருந்தால் எத்தனை குஞ்சு, எத்தனை கூடை, எத்தனை அடுப்பு! முன்பு புதருக்குள் சுட்டுத் தின்ற நண்டும் நினைவுக்கு வந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. வாயிலிருந்தும் வழிந்தது. எது எது என்று ராஜாவுக்குப் புரியவில்லை.

நண்டை மெதுவாக இலையில் திரும்ப வைத்தான். விரலில் ஒட்டிய நெய்யைக்கூட நக்காமல் வேட்டியில் துடைத்தான். அது அவனுக்கு எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியாது.

"மகாராஜா, நான் பார்த்துட்டேன். பார்க்கலைன்னு சொன்னா இன்னைக்கு ஒரு இலை கிடைக்கும். அப்புறம் ஆயுசு முழுக்க முருங்கைக்கீரைதான். எனக்கு மட்டுமில்ல, ஊருக்கே. தலை உங்களுது, எடுத்துக்குங்க. கோல் ஊரோடது, வாங்கிக்குங்க."

படைத்தலைவன் வாளை உருவினான். அந்தச் சத்தம் கேட்டதும், ராஜா எழுந்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்த கட்டியக்காரன் வெளியிலிருந்து தன் கடமையைச் செய்தான். "வெண்குடையார் நாட்டில் மன்னருக்கும் மாடு மேய்ப்பவருக்கும் ஒரே சட்டம்!"

ராஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலில் அடக்கப் பார்த்தார். தோள் குலுங்கியது, கிரீடம் சரிந்தது, கடைசியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "வாளை உறையில் போடும் ஐயா. சம்பளம் கொடுத்து நானே கூவ வைத்தது, நானே கேட்காவிட்டால் எப்படி?" என்று சொல்லிக் கையை நீட்டினார்.

கோல் கை மாறியது. வாசலில் எட்டிப் பார்த்த ஊரார் ஒரு கணம் தயங்கினார்கள். குருந்தன்தான் முதலில் குரல் கொடுத்தான், பிறகு எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள்:

"பிடிச்சவன் விடுபட்டான், தின்னவன் கட்டுப்பட்டான்!"

குலவை கடல்வரை கேட்டது. ராஜா இலையை நகர்த்தி வைத்தார். குறுக்கே கட்டிய வலையை அவிழ்க்கச் சொன்னார். உயிரோடு இருந்த சினை நண்டுகளைத் தன் கையாலேயே தண்ணீரில் விட்டார். ஒரு நண்டு விரலைக் கவ்வியபோது, "போய்ட்டு வா தாயே" என்று சற்று அவசரமாகவே சொன்னார்.

ஒரு வருஷம் ஓடியது. கழியில் நண்டு நிறைந்து வழிந்தது. வாசலில் நண்டு, கோயில் படியில் நண்டு, உலர்த்திய வேட்டியின் மடிப்புக்குள்ளும் நண்டு. சேந்தப்பன் உடம்பில் சதை போட்டது.

ஒரு நாள் மத்தியானம் அவன் சட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். வாசலில் ஒரு மூக்கு வந்தது. மூக்குக்குப் பின்னால் ராஜா வந்தார். இளைத்துப்போயிருந்தார். கையில் கோல்.

"என் கரை முழுக்க நடந்துவிட்டேன் சேந்தப்பா. நான் கோலோடு வருகிறேன் என்று தெரிந்ததும் ஒருவனும் திருட மாட்டேன் என்கிறான். இப்போது எல்லா ஊரிலும் நண்டைத் திருப்பிப் பார்க்கிறார்கள்" என்று புலம்பினார். பிறகு அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "நீ எனக்காக ஒரே ஒரு சினை நண்டைப் பிடியேன். நான் உன்னைப் பிடிக்கிறேன். இரண்டு மாதத்தில் வேறு யாரையாவது மாட்டிவிட்டு நீ தப்பித்துக்கொள்" என்றார்.

சேந்தப்பனுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பசி எப்படிப்பட்டது என்று அவனுக்குத் தெரியும். குருந்தனின் கூடையில் தான் போட்ட நண்டு ஞாபகம் வந்தது. ராஜாவைப் பார்த்தான், சட்டியைப் பார்த்தான். சட்டியில் நண்டு அப்போதுதான் கொதித்து இறங்கியிருந்தது.

"அது மட்டும் முடியாது மகாராஜா. வேணும்னா இது முடியும்" என்று சொல்லி, சட்டியை மூடி, பக்கத்துவீட்டுக்குத் தள்ளிவிட்டான். "வடிவு, எங்க ரெண்டு பேருக்கும் முருங்கைக்கீரை போடு."

வடிவாயி கையில் இருந்த அகப்பையைக் கீழே போட்டாள். நண்டுச் சட்டியைத் தானாக மூடிய சேந்தப்பனை அவள் கல்யாணமான நாள் முதல் பார்த்ததில்லை.

ராஜா கீரைச்சோற்றை ஒரு பருக்கை விடாமல் தின்றார். தின்று முடித்துக் கோலை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே, "இதை இனி நானே வைத்துக்கொள்கிறேன் சேந்தப்பா. உன்னைப்போல ஒருவனைத் திருடனாக்கி நான் நண்டு தின்றால், அது எனக்கு இறங்காது" என்றார். கட்டுப்பாடு போடுவது அந்தந்த ஊராரின் உரிமை, கோல் சுமப்பது மட்டும் ராஜாவின் வேலை என்று அன்றைக்கே கரை முழுக்கப் பறையறைந்தார்கள்.

அதற்கப்புறம் அந்த நாட்டில் யார் பட்டத்துக்கு வந்தாலும், முடிசூட்டும்போது கையில் கொடுக்கிற செங்கோலின் தலையில் ஒரு நண்டுக்கொடுக்கு இருக்கும். பட்டாபிஷேக விருந்தில் எல்லோருக்கும் நண்டு பரிமாறுவார்கள். ராஜாவின் இலையில் மட்டும் முருங்கைக்கீரை வைப்பார்கள்.

கேட்டவர்களே, இந்தக் கதை சொல்வது இதைத்தான்: நாளைக்கும் தின்ன ஆசைப்படுகிறவன், எதை இன்றைக்குத் தின்னாமல் விட வேண்டும் என்று தெரிந்து, அதை மனசார விட வேண்டும்.